தோணாவை மூடவிடாத மனிதர்

காலை பஸ்ஸின் கொண்டக்டர்தான் செய்தியைச் சொன்னார். கிளினிக் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, இறங்காமல் மிதிபலகையில் நின்றபடியே, "அக்கா, உங்கட தாஸ் சேர் நேத்து முடிஞ்சிற்றாராம். நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார். நான் ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் பஸ் தேற்றாத்தீவுப் பக்கம் போய்விட்டது. என் கையில் ஒரு பிள்ளையின் இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டு இருந்தது. அதைக் காயவைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். எங்கே போனாலும் சொல்லாமல் புறப்பட்டுவிடும் மனிதர் இதையும் அப்படியே செய்துவிட்டாரே என்ற கோபம். மட்டக்களப்புக்குப் போய் முகத்தையாவது பார்ப்போம் என்று சேலையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், வீதியை மூடிவிட்டார்கள். எங்கோ கண்ணிவெடியாம். மறுநாளும் திறக்கவில்லை. நான் வீட்டுக்கும் வீதிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். உடலைப் பார்க்காததால்தானோ என்னவோ, அவர் இன்னும் ஏதோ ஒரு வாய்க்கால் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து நிற்பதாகவே படுகிறது. அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரியதாஸ் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கர். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு எங்கே வளர்கிறது என்று தேடித் திரிவது அவருடைய உத்தியோகம். மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்ப்பது என்னுடையது. அவர் வெளியே தண்ணீரைப் பார்ப்பார், நான் உள்ளே இரத்தத்தைப் பார்ப்பேன். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'புள்ள' என்பார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் குறைசொல்லாமல் ஒரு கிழமைகூட ஓடாது.

அவர் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததை நான் கண்டதே இல்லை. குவளையோடு நடப்பார். குடித்து முடிந்த இடத்தில் அது கிடக்கும். கிளினிக் குவளைகளைப் பக்கத்து வீட்டு மதிலிலிருந்து நான் பொறுக்கிவந்த நாட்கள் நிறைய. "ஒரு நிமிசம் இருந்து யோசிச்சா என்ன அண்ணே?" என்று ஒருமுறை சீறினேன். "நுளம்பு இருந்து யோசிக்கிறதில்ல புள்ள. நான் மட்டும் ஏன் இருக்கணும்?" என்றார். அதைச் சொல்லும்போதே சைக்கிளில் ஏறிவிட்டார்.

சண்டைக்குத் தப்பி, படுவான்கரையிலிருந்து சனங்கள் தோணி தோணியாக வாவியைக் கடந்து வந்த வருடம் அது. குருக்கள்மடத்துக்கும் தேற்றாத்தீவுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களை இருத்தினார்கள். வகுப்பறைக்குள் நாலைந்து குடும்பங்கள், நடுவில் சேலைதான் சுவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாவியிலிருந்து பிரிந்து உள்ளே வரும் ஒரு தோணா. அரைவாசித் தண்ணீர், அரைவாசி ஆள் உயரத்துக்குப் பன் புல்லும் கிண்ணை மரமும். முன்னால் பெரிய வீதி. வீதியின் வளைவில், தோணாவின் ஒரு முனை வீதியைத் தொடும் இடத்தில், ஆமிக் காம்ப். மாரி மழை ஓய்ந்த கையோடு பள்ளிக்கூட முகாமில் காய்ச்சல் தொடங்கியது. பிள்ளைகள் நடுங்கினார்கள், வியர்த்தார்கள், ஒருநாள் விட்டு மறுபடியும் நடுங்கினார்கள். கண்ணாடித் துண்டுகள் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வந்தன. பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது.

அந்த முகாமுக்குத் தலைவி என்று யாரும் தெரிந்தெடுக்காத தலைவி பூரணம். வயற்காரி. காணாமல் போன புருஷனைத் தேடுவதை நிறுத்திவிட்டு, சுகந்தி என்ற ஒரே மகளோடு வந்தவள். சுகந்திக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து, மாத்திரை குடித்து எழும்பி, மறுபடியும் விழுந்திருந்தாள். கை இரண்டும் ஈர்க்கில் மாதிரி. நான் அவளுடைய விரலில் ஊசி குத்தியபோது அந்தப் பிள்ளை அழவில்லை. அழத் தெம்பில்லை. பூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மிஸ்ஸி, இன்னொருக்கா வந்தா இவள் தாங்குவாளா?" மூன்றாம் முறை வந்தால் தாங்கமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்தாள்.

பூரணத்துக்கு எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. தோணாதான். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதானே நுளம்பு இரைந்துகொண்டு வருகிறது! பன்னை வெட்டி எரிப்பது, மண் கொட்டித் தோணாவை மூடுவது என்று முகாமில் தீர்மானித்தார்கள். எல்லாரும் சேர்ந்து இறங்கும் சிரமதானத்துக்கு நாளும் குறித்தார்கள். கத்திகள் தீட்டியாயிற்று. நுளம்புக்கு அடிக்கும் மருந்து சோதனைச்சாவடிகளைத் தாண்டி வராத காலம் அது. வேறு வழி என்ன இருக்கிறது என்று நானும் கேட்டேன்.

அந்தக் காலையில் தாஸ் அண்ணன் சைக்கிளைத் தோணாக்கரையில் போட்டுவிட்டு, கத்திகளோடு நின்ற ஆட்களுக்கு முன்னால் போய் நின்றார். கையில் நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பை. அவருடைய ஆயுதம் அது ஒன்றுதான்.

"வெட்டுறதுக்கு முன்ன ஒருக்காப் பாருங்க. மறுகா வெட்டுங்க" என்றார்.

பன் ஓரத்தில் அகப்பையால் அள்ளினார். வெள்ளை அடியில் தண்ணீர் தெளிவாக நின்றது. சின்ன மீன் ஒன்று, தலையில் வெள்ளைப் பொட்டு மின்ன, சுற்றிச் சுற்றி ஓடியது. ஆறு காலோடு அசிங்கமாக ஒன்று ஊர்ந்தது. தும்பியின் குஞ்சு என்றார். பறக்கும் முன் தண்ணீருக்குள் கிடந்து நுளம்புக் குஞ்சைப் பிடித்துத் தின்னுமாம். மறுபடியும் அள்ளினார், மறுபடியும். நுளம்புக் குஞ்சு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. பிறகு கரையில் இருந்த குழிகளுக்குப் போனார். முகாமுக்கு வந்த முதல் வேலையாக எல்லாரும் பங்கர் வெட்டியிருந்தார்கள். பங்கருக்கு மேல் போடவும் மண்மூட்டை கட்டவும் தோணாக்கரை மண்தான் இறுக்கமாக இருக்கிறது என்று அங்கேயே தோண்டித் தோண்டி எடுத்திருந்தார்கள். மழை பெய்து குழிகள் எல்லாம் நிறைந்து, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. அங்கே ஒரே ஒரு அள்ளு. அகப்பை முழுக்க நுளம்புக் குஞ்சு நெளிந்தது.

ஷெல்லுக்குத் தப்ப எடுத்த மண்ணின் குழியில்தான் காய்ச்சல் வளர்ந்திருக்கிறது.

"நுளம்பு எல்லாத் தண்ணியிலயும்தான் முட்டை போடும். எந்தத் தண்ணி அதை வளர விடுகுது எண்டதுதான் கேள்வி. தோணாவுக்குள்ள தின்னுறதுக்கு ஆள் இரிக்கு. உங்கட குழிக்குள்ள ஆள் இல்ல" என்றார் தாஸ் அண்ணன்.

பூரணம் மட்டும் அசையவில்லை. "மீன் தின்னுது எண்டு நம்பி நான் புள்ளையைப் படுக்க வைக்கவா ஐயா? உங்கட புள்ளையெண்டா வைப்பீங்களா?" என்றாள். அவர் அகப்பையைக் கழுவினார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அவர் எப்போதும் எதையாவது கழுவுவார்.

சிரமதானம் நின்றது. ஆனால் தோணாவுக்கு வேறொரு எதிரியும் இருந்தது. ஆமிக் காம்ப் பெரியவருக்கும் பன்னைப் பிடிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு நிற்கிறது, யார் பதுங்கியிருந்தாலும் தெரியாது, முழுவதையும் வெட்டி எரிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தாஸ் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சோதனை முடிந்து உள்ளே போனால், பெரியவரும் களைத்துப்போன ஒரு மனிதர்தான். அவருடைய ஆட்களிலும் பலருக்குக் காய்ச்சல் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய இரத்தமும் என் மேசைக்குத்தான் வந்தது. கண்ணாடித் துண்டில் அது யாருடைய இரத்தம் என்று தெரியாது. தாஸ் அண்ணன் சிங்களத்தில் கதைத்தார். வேகமாக, கைகளை ஆட்டி, கதிரை கொடுத்தும் இருக்காமல். கடைசியில் பேரம் படிந்தது. வீதிப் பக்கத்துப் பன்னை வெட்டுவது, வாவிப் பக்கத்தை விடுவது. குழிகளை ஏதாவது செய்ய விடுவீர்களா என்று கேட்டதற்கு, வீதியோரத்தில் மண்வெட்டியோடு எவனையும் காணக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீதியோரத்தில் மண் கிண்டுகிறவன் கண்ணிவெடி வைக்கிறவன் என்பதுதான் அந்நாள் கணக்கு.

வெளியே வந்ததும் தாஸ் அண்ணன் சொன்னார்: "பாதி கிடைச்சிற்று புள்ள. பாதி போதும்."

போதவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதுகிறோம் என்பதற்காக அவரை எப்போதும் சரியானவராக்கினால் அவரே எழுந்து வந்து திட்டுவார். வெட்டிய பன்னை யாரும் அள்ளவில்லை. அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகியது. நிழல் போய்த் தண்ணீர் கொதித்தது, பச்சைப் பாசி படர்ந்தது. சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு மிதந்தன. வெட்டிய பக்கத்தில் இப்போது குழித் தண்ணீர் மாதிரியே நெளிந்தது. முகாமில் காய்ச்சல் கூடியது.

அவர் அன்று வந்து அள்ளிப் பார்த்தார். இன்னோர் இடத்தில் அள்ளினார். பூரணம் கரையில் நின்றாள், நான் அவளுக்குப் பக்கத்தில். இவள் இப்போது இவரைக் கிழிக்கப்போகிறாள் என்று நான் பயந்தேன்.

"நான் பிழை விட்டிட்டன்" என்றார் அவளிடம். "வெட்டினதை அள்ள வைச்சிருக்கணும். இல்லாட்டி வெட்டவே விட்டிருக்கக் கூடா."

பூரணம் அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் நெடுநேரம் பார்த்தாள். உடுப்புத் தோய்க்க வந்துபோன நாட்களில் அவளும் கவனித்திருக்கிறாள். "பன் நிக்கிற பக்கம் மீன் துள்ளுது. வெட்டின பக்கம் நாறுது. நீங்க சொன்னது பொய்யில்ல ஐயா. இனி என்ன செய்யிற, அதைச் சொல்லுங்க."

என்ன செய்வது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அழுகியதை அள்ள வேண்டும். ஒவ்வொரு குழியிலிருந்தும் தோணாவுக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட வேண்டும். தண்ணீர் போய்வந்தால் மீனும் போய்வரும். மீன் போனால் குழியும் தோணாவாகிவிடும். ஆனால் மண்வெட்டி பிடித்தால் சுடுவார்கள்.

"ஆம்பிளையள் மண்வெட்டியோட நிண்டாத்தானே சுடுவான்?" என்றாள் பூரணம். "நாங்க பொம்பிளையள் சிரட்டையோட போறம். சிரட்டையால கண்ணிவெடி புதைக்கிறதெண்டு யாரும் நம்புவானா?"

நம்பினாலும் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தாஸ் அண்ணன் காம்புக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "பாப்பம் எண்டான். ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல" என்றார். அடுத்த நாள் வெயில் ஏறும் முன் பெண்கள் இறங்கினார்கள். சிரட்டை, அகப்பை, பீங்கான், கைப்பிடி உடைந்த தாச்சி. முழங்காலளவு சேற்றில் நின்று அழுகிய பன்னை இழுத்தெறிந்தார்கள். பிறகு குழியிலிருந்து தோணாவுக்குச் சுரண்டத் தொடங்கினார்கள். என் கடமை அதுவல்ல, ஆனாலும் நானும் ஒரு சிரட்டையோடு குந்தினேன். தாஸ் அண்ணன் வெள்ளை அகப்பையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, காம்புக்கும் எங்களுக்கும் நடுவில் இங்குமங்கும் நடந்தார்.

காம்பின் சென்றிக் காவலில் ஆள் மாறியிருக்க வேண்டும். திடீரென்று ஒரு வெடி. தலைக்கு மேலாகப் போனது. நாங்கள் அத்தனை பேரும் சேற்றில் முகம் குப்புற விழுந்தோம். காதுக்குள் தண்ணீர் போனது. ஒரு குரல் மட்டும் கேட்டது.

"மதுருவோ! மதுருவோ!"

தாஸ் அண்ணன் விழவில்லை. துணி கட்டிய அகப்பையை மேலே தூக்கிக்கொண்டு, நுளம்பு, நுளம்பு என்று சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் கத்தினார். காய்ச்சல் என்றார், மீன் என்றார், உங்கள் ஆட்களுக்கும்தான் என்றார். இடைக்கிடை தமிழ் கலந்தது. அடுத்த வெடியை எதிர்பார்த்துக்கொண்டு நான் கிடந்தேன். அது வரவில்லை. சென்றிக்காரன் மண்மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்தான். சால்வையால் போர்த்திக்கொண்டிருந்தான், அந்த வெயிலில். அவனுக்கும் நடுக்கம் போல. கெதியாகச் செய்துவிட்டுப் போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

முதலில் எழுந்தவள் பூரணம். முகத்துச் சேற்றைத் துடைக்கவுமில்லை. "என்ன கா படுத்துக் கிடக்கிறீங்க? சுரண்டுங்க!" என்றாள்.

கடைசிக் குழி திறந்தபோது தோணாத் தண்ணீர் நாக்கை நீட்டுவது போல உள்ளே ஓடியது. சின்னப் பொட்டு மீன்கள் சில, யாரும் கூப்பிடாமலே, அதோடு உள்ளே போயின. திரும்பிப் பார்த்தால் தாஸ் அண்ணன் கரையில் உட்கார்ந்திருந்தார். ஆம், இருந்தார். சேற்றில், கால்களை நீட்டி. பூரணம் கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியை அவரால் பிடிக்க முடியவில்லை. அவளே குவளையை வாயில் வைத்துப் பருக்கினாள். "பயந்திட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள். "செத்தே போயிற்றன் புள்ள" என்றார் அவர்.

அதற்குப் பிறகு காய்ச்சல் குறைந்தது. தோணாவால் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன், அவரும் சொன்னதில்லை. மாத்திரையும் வந்தது, கொஞ்சம் வலையும் வந்தது. ஆனால் குழிகளில் நெளிவது நின்றதை நாங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். வெட்டிய பக்கத்திலும் பன் மெல்ல முளைத்தது. பின்னேரங்களில் தும்பிகள் பறந்தன. சுகந்திக்கு மூன்றாம் முறை வரவில்லை. அவளுடைய இரத்தத்தை நான் மாதாமாதம் பார்த்தேன். ஒன்றுமே இல்லாத ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

அந்தத் தாஸ் அண்ணனுக்கு நெஞ்சு நோவு வந்தபோது அவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. கட்டிலில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதை நான் ஆற அமர இருந்து எழுதவில்லை. எழுதும் மேசையிலிருந்து எத்தனையோ தரம் எழுந்துவிட்டேன். காரணம் துக்கம் மட்டுமல்ல. காம்புக்குப் புதிதாக ஒரு பெரியவர் வந்திருக்கிறார். பழைய பேரம் அவருக்குத் தெரியாது. வருகிற நாட்களில் தோணாவின் பன்னை, இரண்டு பக்கமும், அடியோடு வெட்டச் சொல்லியிருக்கிறார். முகாமில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாரி முடியப் போகிறது.

அவருடைய அகப்பை அவருடைய பிள்ளைகளிடமே இருக்கட்டும். அவர் நுளம்பைப் பற்றிச் சொன்னவை உங்களில் பலருக்கும் தெரியும். நான் வைத்துக்கொள்வது வேறொன்று. தைரியசாலி என்று நீங்கள் எல்லாரும் சொல்கிற அந்த மனிதர் பயத்தில் செத்துக்கொண்டேதான் நின்றார் என்பதை நான் பக்கத்தில் கிடந்து பார்த்தேன். பயம் போகும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை நானும் பூரணமும் காம்ப் வாசலுக்குப் போகிறோம். சிங்களத்தில் சொல்ல வேண்டிய நாலு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். நாலாவது வசனம் வரும்போது நாக்குக் குழறுகிறது. அண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது. போகத்தான் போகிறேன்.